ஒரு அமெரிக்கன் காரும் ஊர்ப்பட்ட அபிப்பிராயங்களும்

கார் வைத்திருப்பவனைவிட, அந்தக் காரைச் சுற்றி நின்று பார்ப்பவனுக்குத்தான் அதைப் பற்றி அதிகம் தெரியும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. (எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னையும் நான் பள்ளிக்கூடத்தையும் கைவிட்டுவிட்டோம்.) லண்டனில் ரொம்ஃபோர்ட் ரோட்டின் ஓரத்தில், வேட்டி சால்வையோடு நின்று, என் மகனின் முகூர்த்தம் கையைவிட்டு நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்துக்கொண்டேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது குறைத்துச் சொல்லிவிடுவார்கள். ஃபாரஸ்ட் கேட்டில் பரஞ்சோதியைத் தெரியாதவர்கள் இரண்டே வகை: நேற்று வந்திறங்கியவர்கள், மீன் சாப்பிடாதவர்கள். இந்த நாட்டுக்கு வந்தபோது என் கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பை. இரவில் பெற்றோல் ஷெட், பகலில் கோழிக்கடையில் சட்டி கழுவல், பிறகு ஒரு ஓட்டை வான், பிறகு உறைமீன் மொத்த வியாபாரம். இன்றைக்கு என் பெயர் எழுதிய குளிர் லொறிகள் ஹவுன்ஸ்லோ வரைக்கும் ஓடுகின்றன. பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பழைய மாணவர் சங்கங்கள் (நான் வாசல்படி மிதிக்காத பள்ளிக்கூடங்களின் சங்கங்கள்கூட) மேடைக்கு அழைத்து எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் ஒரு சூட்கேஸ் நிறைய இருக்கின்றன.

அப்படிப்பட்ட நான், அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு கார் வாங்கினேன். அமெரிக்கன் கார். எழுபதுகளில் செய்தது. அந்தக் காலத்தில் அங்கே எண்ணெய்க் கிணற்று முதலாளிகள் ஓட்டிய ரகம். பொன் நிறம், வெள்ளைத் தோல் சீட், முன் சீட்டு ஒரே நீட்டாக எங்கள் வீட்டுச் சோபாவைவிட அகலம். வாசலில் நிறுத்தினால் முகம் என் வீட்டுக்கும் வால் பக்கத்து வீட்டுக்கும் சொந்தமாக இருக்கும். கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல நாலு பேர் வருவார்கள்.

ஏன் வாங்கினாய் என்று எல்லோரும் கேட்டார்கள். வாங்க முடிந்தது, வாங்கினேன். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

என் மனைவி புஷ்பம் மட்டும் கேள்வி கேட்கவில்லை. யன்னல் வழியாக ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். “பேசாமல் ஒரு கப்பல் வாங்கியிருக்கலாம். கடலில கொண்டுபோய் விட்டிட்டாவது வரலாம்” என்றுவிட்டுக் கறிக்கு உள்ளி உரிக்கப் போய்விட்டாள்.

கார் வாங்கினால் காரோடு முடியும் என்று நினைத்திருந்தேன். பழைய கார் என்றால் அப்படியில்லை. அதற்கென்று ஒரு சனம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்த் தரிப்பிடங்களில் கூடி, பொனெற்றை, அதாவது என்ஜின் மூடியை, திறந்து வைத்துவிட்டு, செத்தவீட்டில் நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கேதான் கொலின் எனக்கு வாய்த்தார். ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ்காரர். சிவந்த முகம், வெள்ளை மீசை, எப்போதும் கழுத்துப்பட்டி. அவருக்குச் சொந்தமாகப் பழைய கார் கிடையாது, மற்றவர்களின் கார்களில்தான் அக்கறை. அவர் வாயில் ஒரே மந்திரம்: ஒரிஜினல். சீட்டில் ஒரு தையல் விட்டிருந்தது. தைக்கக் கொடுக்கப் போனேன், தடுத்துவிட்டார். “அது ஒரிஜினல் கிழிசல்” என்றார்.

மறுபக்கம் ஜெர்மன் சிவம். என் பழைய சினேகிதன். ஜெர்மனியில் இருபது வருஷம் கார்த் தொழிற்சாலையில் நின்றுவிட்டு லண்டனுக்கு வந்தவன். ஜெர்மன்காரன் செய்யாத எதையும் அவன் கார் என்று ஒத்துக்கொள்வதில்லை. அவனுடைய மந்திரம்: மாத்து.

“அண்ணை, உந்த என்ஜினைத் தூக்கி எறிஞ்சிட்டு ஜெர்மன் என்ஜின் ஒண்டு போடுங்கோ.”

“டேய், என்ஜினை எறிஞ்சால் பிறகு என்னடா மிச்சம்?”

“சீற் இருக்குதானே. நல்ல சீற்.”

கொலின் வேண்டாம் என்பதைச் சிவம் வேண்டும் என்பான். சிவம் மாற்றச் சொன்னதைக் கொலின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தடுப்பார். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. இருந்தும் இரண்டு பேரும் சண்டை பிடிப்பதற்கு மொழி ஒரு தடையாக இருந்ததே இல்லை. நடுவில் நான். ஆறு மாதத்தில் என் காரைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் முடிவெடுத்தார்கள்.

டிக்கிப் பூட்டு ஒன்று போதும் உதாரணத்துக்கு. கார் வரும்போதே டிக்கிக்குத் திறப்பு, அதாவது சாவி, இல்லை. டாஷ்போர்ட்டில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் டிக்கி திறக்கும். ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். பூட்டை மாற்றச் சொன்னான் சிவம். கூடாது, ஒரிஜினல் திறப்புத்தான் வேண்டும், அமெரிக்காவில் எழுதி விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றார் கொலின். விசாரணை இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் என் மகன் சுதனுக்குக் கலியாணம் சரிவந்தது. சுதனுக்கு முப்பத்திநாலு வயது. ‘வேலை பாக்கிறன் அப்பா, பிறகு பாப்பம் அப்பா’ என்று வருஷக்கணக்காக எங்களை இழுத்தடித்தவன், நிலானி என்ற பிள்ளையைக் கண்டு தானாகவே சம்மதித்தான். புஷ்பம் மூன்று கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். நிலானியின் அப்பா கணேசலிங்கம் ஹவுன்ஸ்லோ ஆள். ஏயார்போர்ட்டில் விமானம் பழுதுபார்க்கிற இஞ்சினியர். பேச்சு வார்த்தைக்குப் போன அன்று என்னை மேலும் கீழும் பார்த்து, “மீன் பிஸ்னஸ் எண்டு சொன்னவை. அப்ப நீங்கள் படிச்சது?” என்று கேட்டார்.

“மீன்தான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவெடுத்தேன், என் மகன் கலியாண மண்டபத்துக்கு என் அமெரிக்கன் காரில்தான் போய் இறங்குவான். மண்டபம் மேற்கே ஹவுன்ஸ்லோவில். நாங்கள் இருப்பது கிழக்கே ஃபாரஸ்ட் கேட். லண்டனின் ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்குப் போகவேண்டும்.

“அப்பா, ப்ளீஸ். ஒரு நோமல் கார் ஹயர் பண்ணுவம்” என்று சுதன் கெஞ்சினான்.

“நோமல் காரில நோமல் ஆக்கள் போகட்டும்” என்றேன்.

முகூர்த்தம் பதினொன்றரைக்கும் பன்னிரண்டே காலுக்கும் இடையில். பன்னிரண்டே காலைத் தாண்டினால் ராகுவோ கேதுவோ ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிடும் என்று ஐயர் சொல்லியிருந்தார். மண்டபத்தையும் ஐயரையும் கணேசலிங்கம்தான் பிடித்திருந்தார். “சம்பந்தி, நேரம் முக்கியம்” என்று முதல் நாள் இரவு வரைக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் ‘உங்களை நம்பேலாது’ என்பதும் இருந்தது.

கலியாணத்தன்று காலை எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் வாடகைக் கோச் பஸ்ஸில் முன்னதாகவே போய்விட்டார்கள். காரில் நாங்கள் ஆறு பேர். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை சுதன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையை அழைத்துப்போக வந்த தோழன், அதாவது நிலானியின் தம்பி நிரு. புஷ்பம். ஸ்டியரிங்கில் நான். வழியில் என்ஜினுக்கு ஒன்று என்றால் பார்க்கவென்று கொலினும் சிவமும். ஒருவரை மட்டும் கூப்பிட்டிருப்பேன். ஆனால் ஒருவர் வந்தால் மற்றவர் வராமல் இருக்கமாட்டார், தான் இல்லாத நேரத்தில் மற்றவர் எதையாவது தொட்டுவிடுவார் என்ற பயம்.

காலையிலேயே மனோர் பார்க் முருகன் கோயிலுக்கு முன்னால் காரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, ஐயரைக்கொண்டு பூசை செய்வித்தேன். கோயிலில் வாங்கிய ஆளுயரச் செவ்வந்தி மாலையை இரட்டையாக மடித்து, காரின் முகத்தில், அந்தப் பெரிய வெள்ளிப் பல்வரிசை போன்ற கிறில்லில் கட்டப் போனேன்.

கொலின் ஓடி வந்தார். மாலை கோத்த கம்பி, குரோமியத்தைக் கீறிவிடுமாம். அதுவும் ஒரிஜினல் குரோமியம். கீழே ஏதாவது துணி வையுங்கள் என்றார்.

துணியா? பரஞ்சோதியின் காருக்குச் சும்மா துணியா? வீட்டுக்கு ஆளனுப்பி, சூட்கேசிலிருந்து பொன்னாடைகளில் ஆக நல்லதை எடுப்பித்தேன். தடித்த சிவப்புப் பட்டு, சாணளவு சரிகை. அதைக் கிறில் முழுவதும் இழுத்துப் போர்த்தி, நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, மேலே மாலையைப் போட்டேன். என்னைப் போலவே காரும் ஒரு மேடையில் ஏறி நின்றமாதிரி இருந்தது. ஐயர்கூட “அமோகம்” என்றார். (தட்சணைக்கு முன்பா பின்பா என்பது ஞாபகமில்லை.)

தாலி, கூறைச் சேலை, மணமாலைகள், தேங்காய் பழம், எல்லாம் தட்டங்களில் அடுக்கி, என்ஜின் ஓடும்போதே பொத்தானை அமத்தி, டிக்கிக்குள் வைத்து மூடினோம்.

புறப்பட்டோம். கோயிலடியிலிருந்து ரொம்ஃபோர்ட் ரோட்டுக்கு வந்ததும் சனம் நின்று பார்த்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு கையை வெளியே போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாதவர்களுக்கெல்லாம் கையசைத்தேன். அந்தச் சில நிமிஷங்கள் இருக்கின்றனவே! அதற்கு மேல் சொல்ல எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

எங்கள் வீட்டுத் தெருமுனைக்குக்கூட இன்னும் வந்து சேரவில்லை. டாஷ்போர்ட்டில் சிவப்பு லைட் ஒன்று எரிந்தது. பிறகு முன்பக்கத்தால் புகை. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு ஒன்றும் இல்லை. கார் அப்படியே பஸ் பாதையில் உட்கார்ந்துவிட்டது.

“நான் சொன்னனான்” என்றான் சிவம்.

“நானும்தான்” என்றார் கொலின், ஆங்கிலத்தில்.

இரண்டு பேரும் ஒருசேரக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்கள். பொனெற் திறந்தது. கைகள் கட்டப்பட்டன. நீராவிக்குள் இரண்டு தலைகளும் மறைந்தன.

“எலக்ட்ரிக் ஃபான் போடச் சொன்னனோ இல்லையோ? மாத்துங்கோ எண்டு தலைதலையா அடிச்சனான்.”

“இந்தக் கார் அமெரிக்கப் பாலைவனத்தில் ஓடச் செய்தது. ஒரிஜினலாக விட்டிருந்தால் சூடாகாது. யாரோ புது ஹோஸ் குழாய் போட்டிருக்கிறார்கள்” என்று கொலின் என்னைப் பார்த்தார், ஏதோ நான் அந்தக் காரையே திருடியதைப் போல.

பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. டிரைவர் இறங்கி வந்து பற்றறி என்றார். இறைச்சிக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெற்றோல் கலப்படம் என்றார். தேவாலயத்துக்குப் போகிற வழியில் பெரிய தொப்பி போட்ட ஒரு கறுப்பின அம்மா நின்று, நன்றாகப் பார்த்து, “இது போய்விட்டது, ஆண்டவர் பொறுப்பில் விடுங்கள்” என்றார். அன்றைக்குச் சொல்லப்பட்டதில் ஓரளவு பிரயோசனமான அபிப்பிராயம் அதுதான்.

நிரு போனோடு நின்றான். அவன் தோழன் மட்டுமில்லை, எதிர்த்தரப்பின் நிருபர் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. “அப்பா கதைக்கிறார் மாமா” என்று போனை நீட்டினான்.

“சம்பந்தி,” கணேசலிங்கத்தின் குரல் நிதானமாக வந்தது. “தேர்மொஸ்ராட்டாத்தான் இருக்கும். விமானத்தில எண்டால் நாங்கள் இப்பிடி நடக்க விடமாட்டம்.”

“உது விமானம் இல்லைச் சம்பந்தி.”

“தெரியுது. விமானம் எண்டால் இந்நேரத்துக்கு வந்திருக்கும்.”

எனக்கு மயிர்க்கால் எல்லாம் எரிந்தது. ஆனால் இதையெல்லாம் விடக் கவலை, சுதனின் முகம். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, போனில் நிலானியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருஷமாக ‘பிறகு பாப்பம்’ என்று சொன்னவன், அன்றைக்குத்தான் ஒரு நிமிஷமும் பிந்தக்கூடாது என்று இருந்தான்.

“அப்பா,” என்றான். “மினிகாப் ஒண்டும் கிடைக்கேல்ல. ஸ்டேஷன் பக்கத்திலதானே. ட்ரெயினில போவம். ஹவுன்ஸ்லோவுக்குக் கிட்ட ஹேய்ஸில இறங்கினால் அங்கயிருந்து காப்.”

“மாப்பிள்ளை ட்ரெயினிலயோ?”

“மாப்பிள்ளை வராமல் விடுறதைவிட அது நல்லம்.”

புஷ்பம் ஏற்கனவே இறங்கிவிட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “தட்டத்தை எடுங்கோ” என்றாள்.

நான் பொத்தானை அமத்தினேன். என்ஜின் செத்துக் கிடந்தது. டிக்கி திறக்கவில்லை. இன்னொரு தரம் அமத்தினேன். விரல் நோகும்வரை அமத்தினேன். தாலியும் கூறையும் அந்தப் பொன்நிறப் பெட்டிக்குள். வெளியே நாங்கள்.

“பூட்டை மாத்தச் சொன்னனான்” என்று சிவம் தொடங்கினான்.

“இன்னொருக்கால் அதைச் சொன்னியெண்டால் உன்னையும் உதுக்குள்ள வச்சுப் பூட்டுவன்” என்றாள் புஷ்பம். பிறகு என் பக்கம் திரும்பினாள். “இஞ்சருங்கோ, உடையுங்கோ.”

எதிரே ஒரு இரும்புச் சாமான் கடை. நான் போய் கடப்பாரை மாதிரி ஒரு அலவாங்கு வாங்கிக்கொண்டு வந்தேன். டிக்கிக்கு முன்னால் கொலின் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன் (பரஞ்சோதி அவர் வாயில் ஜோ): “ஜோ, யோசியுங்கள். ஐம்பது வருஷமாக ஒரு கீறல் விழாத மூடி இது. ஒரிஜினல் பெயின்ற். இதைப்போல இந்த நாட்டில் இன்னொன்று இல்லை.”

எனக்கும் யோசனை வந்தது, மறைக்கவில்லை. அந்த மூடியை நான் ஒவ்வொரு ஞாயிறும் பழைய பட்டுத் துணியால் துடைத்தவன். என் முகம் அதில் தெரியும், கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் இளமையாக. கையில் அலவாங்கோடு ஒரு நிமிஷம் நின்றேன்.

“அப்பா” என்றான் சுதன்.

“கொலின்,” என்றேன், “கார் ஒன்று இன்னும் வாங்கலாம். இவன் இன்னொரு தரம் சம்மதிக்கமாட்டான்.”

அவர் விலகினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று போடு போட்டதில் பூட்டு வாயைப் பிளந்தது. மூடி மேலே துள்ளி, திரும்பி வந்து விழுந்ததில் மணமாலைகள் இரண்டும் சப்பளிந்தன. தட்டம் தப்பியது. தாலி தப்பியது. புஷ்பம் தாலிப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு சப்பளிந்த மாலைகளைப் பார்த்தாள்.

“மாலை இல்லாமல் மாப்பிள்ளை போறதோ? உதைக் கழட்டுங்கோ!” என்று காரின் முகத்தைக் காட்டினாள்.

நான் அசையுமுன் அவளே போய் ஒரே இழுவையில் மாலையையும் பொன்னாடையையும் சேர்த்துப் பிடுங்கினாள். பொன்னாடையை என் தோளில் எறிந்தாள், சூடாக இருந்தது. மாலையைச் சுதனின் கழுத்தில் போட்டாள். காருக்கு அளவெடுத்த மாலை அவனுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவித்த கீரையின் மணம் வந்தது. காரைச் சிவத்திடமும் கொலினிடமும் விட்டுவிட்டு நாலு பேரும் ஓடினோம்.

இனி வருவதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் வேறு யாரும் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவது நல்லது.

அந்த ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷன் வாசலில் வருஷக்கணக்காகக் கடை வைத்திருந்தவன் நான். அதன் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், காவலாளிக்கு எத்தனை பிள்ளைகள், எல்லாம் தெரியும். ஆனால் உள்ளே போனதில்லை. எனக்கு எப்போதும் வான்தான். ஓடிப்போய் உள்ளே நுழைந்ததும் படிகளுக்குக் கீழே ஒரு ட்ரெயின் கதவைத் திறந்துகொண்டு நின்றது. “அங்கிள், திஸ் இஸ் த ரோங்…” என்று நிரு ஏதோ சொன்னான்.

“தம்பி, எனக்கு லண்டனைத் தெரியும். ஏறும்!” என்று எல்லோரையும் தள்ளி ஏற்றினேன். கதவு மூடியது. ட்ரெயின் புறப்பட்டது. யன்னலால் பார்த்தேன். சற்றுமுன் பூசை செய்வித்த மனோர் பார்க் வந்துகொண்டிருந்தது.

நாங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம்.

கதவு திறந்ததும் இறங்கியிருக்கலாம். “அது வளைஞ்சு திரும்பும், பொறுங்கோ” என்றேன். அது வளையவில்லை. இல்ஃபோர்ட் தாண்டி, இன்னும் தாண்டி, கடைசியில் புஷ்பம் என் கையைப் பிடித்து இறக்கினாள். மறுபக்கப் பிளாட்ஃபோர்மில் மூன்று பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்பி வரும் ட்ரெயினில் முழங்காலளவு மாலையோடு நின்ற சுதனுக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி இடம் கொடுத்தார். முகத்தைப் பார்த்து ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் ரொம்ஃபோர்ட் ரோட்டில் நடந்ததைச் சிவம் பிறகு சொன்னான். நாங்கள் போன பிறகு இரண்டு பேரும் சண்டை பிடித்துக் களைத்துப்போய், சும்மா திறப்பைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். கார் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மெத்தென்று, பூனைக்குட்டி மாதிரி. ஃபானும் பழுதில்லை, ஹோஸும் பழுதில்லை, தேர்மொஸ்ராட்டும் பழுதில்லை. காற்றுப் போகவேண்டிய வாயில் என் பொன்னாடையைப் போர்த்திக் கட்டினால் கார் பாவம், மூச்சுக்கு எங்கே போகும்? கொலின் அதை முதலிலேயே கண்டாராம். சமயச் சம்பிரதாயம் என்று நினைத்து, மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிட்டாராம்! கிழிசலுக்கு அபிப்பிராயம் சொன்ன மனுசன், ஹோஸுக்கு அபிப்பிராயம் சொன்ன மனுசன், வாயைத் திறக்கவேண்டிய அந்த ஒரே இடத்தில் மரியாதை பார்த்துவிட்டார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

காரை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பம் என்று சிவம் ஸ்டியரிங்கைப் பிடித்தான். உடைந்த டிக்கி மூடி ஆடாமல் பார்த்துக்கொள்ளக் கொலின் பின் சீட்டில். அந்தச் சீட்டில் சுதன் அவசரத்தில் விட்டுவிட்டுப் போன தலைப்பாகை. நசியக்கூடாது, தலையில் வையுங்கள், அதுதான் அதற்கு ஆகப் பாதுகாப்பான இடம் என்று சிவம் கையால் காட்டியிருக்கிறான். கொலினும் வைத்துக்கொண்டார். வெளிச் சுற்றுப் பாதையால் சிவம் பிடித்த பிடியில், நாங்கள் ஹேய்ஸில் இறங்கிக் காப் பிடித்து வந்துகொண்டிருந்தபோதே, கார் மண்டப வாசலில்.

மண்டப வாசலில் நாதஸ்வரக்காரரும் வீடியோக்காரரும் காலையிலிருந்தே காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்த உத்தரவு ஒன்றே ஒன்று: நீளமான அமெரிக்கன் கார் வந்தவுடன் தொடங்கு. ஆலாத்தித் தட்டோடு நின்ற இரண்டு பெண்களும் கணேசலிங்கத்தின் பக்கத்துச் சொந்தம். ஒருவர் பாரிஸ், ஒருவர் டொரொன்டோ. மாப்பிள்ளையை முன்பின் கண்டதில்லை.

கார் நின்றது. நாதஸ்வரம் வெடித்தது. பின்கதவு திறந்தது. சிவந்த முகமும் வெள்ளை மீசையுமாய், தலைப்பாகையோடு கொலின் இறங்கினார்.

வீடியோவில் சத்தம் மிகத் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

“என்னடி, வெள்ளையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?” என்கிறார் பாரிஸ்.

“வயசும் கொஞ்சம் கூடத்தான்” என்கிறார் டொரொன்டோ.

“இந்தக் காலத்தில ஆர் உதெல்லாம் கேக்கிறது? பிள்ளைக்குப் பிடிச்சால் சரி. தட்டைத் தூக்கு.”

தூக்கினார்கள். மூன்று தரம் சுற்றினார்கள். பொட்டு வைத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். யாரோ ஒரு மாலையையும் போட்டார்கள். கொலினோ, இந்தச் சமயத்தில் எதையாவது சொல்லி யாரையும் புண்படுத்தக்கூடாது என்று கைகூப்பி நின்றார். மரியாதைக்காரர்.

உள்ளேயிருந்து வெளியே வந்த கணேசலிங்கம் இதைப் பார்த்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாராம். நல்ல காலம், அந்த நேரம் எங்கள் மினிகாப் வந்து நின்றது. கிழிந்த செவ்வந்தி மாலையோடு சுதன், தாலிப்பெட்டியோடு புஷ்பம், ஒரு பொன்னாடையோடு நான். ஐயர் உள்ளேயிருந்து “நேரமாகுது! நேரமாகுது!” என்று கத்தினார். ஆலாத்தி ஏற்கனவே எடுத்தாயிற்று, இரண்டாம் தரம் எடுக்கலாமா கூடாதா என்று பாரிஸும் டொரொன்டோவும் வாக்குவாதப்பட, புஷ்பம் கொலினின் தலையிலிருந்த தலைப்பாகையைத் தானே கழற்றி, மகனின் தலையில் வைத்து, அவனை மணவறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோழன் முறைக்கு நிரு போகிற போக்கில் மாப்பிள்ளையின் கால் கழுவினான். பதிலுக்குச் சுதன் ஓடிக்கொண்டே அவனுக்கு மோதிரம் போட்டான்.

கெட்டிமேளம் முழங்கியபோது மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டே காலுக்கு இன்னும் மூச்சுவிட இடம் இருந்தது. தாலி ஏறியது. சுதன் மூன்று முடிச்சையும் போட்டு முடித்து, நிலானியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு! பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கணேசலிங்கம் என் கையைப் பிடித்தார். “சம்பந்தி, கொண்டுவந்து சேத்திட்டீங்கள்” என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். என்ன இருந்தாலும் நான்தானே சேர்த்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா? கலியாண ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் கொலின்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு வேறு படம் இல்லை. சம்பந்தி வீட்டார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘பெரிய மாப்பிள்ளை’ என்றே கூப்பிடுகிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவருக்குத் தனி அழைப்புப் போகிறது. அவரும் கழுத்துப்பட்டியோடு போய், தலைவாழை இலையில், மாப்பிள்ளைக்குப் போடுகிற இடத்தில் உட்கார்ந்து, பாயசத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறார். பாரிஸ் அக்கா அவருக்கு ஒரு வேட்டிகூட அனுப்பியிருக்கிறார்.

நான்? காரில்தான் போகிறேன். வேண்டுமென்றே அவர்கள் வாசலில் என்ஜினை உறுமவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு இறங்குகிறேன். கணேசலிங்கம் கதவைத் திறந்து, அந்தப் பொன்நிறக் காரை முழு நீளத்துக்கும் நிதானமாகப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு தரமும் தவறாமல் கேட்கிறார்:

“வாங்கோ சம்பந்தி. ட்ரெயின் சரியான பக்கம் வந்ததோ?”